கம்பளி முக்காட்டுக் குல்லா பின்னுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தக் குல்லாவை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பினால் போதும், யாராவது ஒருவர் நிறுத்தி, "நீங்களே பின்னினதா?" என்று கேட்டுவிடுவார். அடுத்து வரும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், கேட்டவர்களின் பேச்சிலேயே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே போட்டிருக்கிறேன். புதிதாகத் தொடங்குபவர்கள் மேலிருந்து வரிசையாகப் படியுங்கள். பாதி பின்னிவிட்டு மாட்டிக்கொண்டவர்கள் நேராகப் பின்பாதிக்குப் போகலாம்.

முக்காட்டுக் குல்லான்னா என்னங்க? குரங்குக் குல்லாவும் இதுவும் ஒண்ணுதானே?

உறவுதான், ஆனால் ஒன்றில்லை. குரங்குக் குல்லா தலையையும் கழுத்தையும் இறுக்கிப் பிடிக்கும், முகம் மட்டும் ஒரு ஓட்டை வழியாகத் தெரியும். ஆங்கிலத்தில் அதன் பெயர் பாலக்லாவா. கிரிமியப் போரில் 1854-இல் சண்டை நடந்த பாலக்லாவா என்ற ஊரின் பெயர், பிற்காலத்தில் குல்லாவுக்கு ஒட்டிக்கொண்டது.

நாம் பேசுவது கழுத்துப்பட்டையோடு சேர்ந்த ஒரு தளர்வான முக்காடு. குளிரும்போது தலைக்கு மேல் இழுத்துக்கொள்ளலாம், உள்ளே வந்ததும் பின்னால் தள்ளினால் கழுத்தைச் சுற்றி மப்ளர் போல உட்கார்ந்துகொள்ளும். முடி கலையாது, காது முழுக்க மறையும்.

நிட்டிங்ல பண்றதா, குரோஷேல பண்றதா? எது நல்லது?

இரண்டு ஊசியில் ஒரு வரிசைக் கண்ணிகள் (நூல் வளையங்கள்) முழுவதையும் ஏந்திக்கொண்டு பின்னுவது நிட்டிங். ஒரே கொக்கி ஊசியில் ஒவ்வொரு கண்ணியாக முடித்துக்கொண்டே போவது குரோஷே. நிட்டிங் துணி மெல்லியது, இழுத்தால் நீளும், விட்டால் பழையபடி சேரும். குரோஷே துணி தடிமன், கொஞ்சம் விறைப்பு, வைத்த இடத்தில் நிற்கும். அதே பரப்புக்குக் குரோஷே கூடுதல் நூல் தின்னும். வேகம் என்று பார்த்தால் பெரும்பாலானோருக்குக் குரோஷேதான் சீக்கிரம் வளரும்.

என் வழி இரண்டையும் கலப்பது. தலை நுழைய வேண்டிய கழுத்துப்பட்டை நீண்டு கொடுக்க வேண்டும், அதனால் அது நிட்டிங். முகத்தைச் சுற்றிய ஓரம் தொய்யாமல் நிற்க வேண்டும், அதனால் அது குரோஷே. நடுவில் உள்ள முக்காட்டை எதில் வேண்டுமானாலும் பின்னலாம். ஒன்றுதான் தெரியும் என்றாலும் குல்லா வரும். அதற்குக் கீழே தனிக் கேள்வி இருக்கிறது.

என்ன நூல் வாங்கணும்? எவ்வளவு வாங்கணும்?

முதல் குல்லாவுக்கு நடுத்தரத் தடிமன் நூல் எடுங்கள். உருண்டையின் சீட்டில் 'வொர்ஸ்டெட்' என்றோ 4 என்ற எண்ணோ இருக்கும். 100 கிராம் உருண்டையில் ஏறக்குறைய 200 மீட்டர் நூல் இருந்தால் அதுதான் நமக்கு வேண்டியது. நிட்டிங்கில் பெரியவர் குல்லா ஒன்றுக்கு 200 முதல் 250 கிராம், முழுக்கக் குரோஷே என்றால் 300 கிராம் கையில் இருக்கட்டும்.

ஆட்டுக் கம்பளி தன் எடையில் 30 சதவீதம் வரை ஈரத்தை உறிஞ்சியும் நனைந்த உணர்வு தராது. வியர்வையோ பனியோ பட்டாலும் கதகதப்பு போகாததற்கு அதுதான் காரணம். அக்ரிலிக் விலை குறைவு, துவைப்பது சுலபம், பழகுவதற்கு ரொம்ப நல்லது. பருத்தி நூல் இதற்கு வேண்டாம். கனம் அதிகம், ஈரம் பட்டால் குளிரும், தொங்கித் தொங்கி நீண்டுவிடும்.

வாங்கும்போது எல்லா உருண்டையிலும் சாய எண் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். சீட்டில் 'டை லாட்' என்று ஒரு எண் அச்சிட்டிருக்கும். இதைப் பார்க்காமல் நான் பட்ட பாடு கீழே வருகிறது.

எட்டாம் நம்பர் ஊசின்னு எழுதியிருந்துச்சு, வாங்கினேன். ஆனா துணி கட்டை மாதிரி வருதே?

எந்த நாட்டு எட்டு என்பதுதான் விஷயம். பழைய பிரிட்டிஷ் கணக்கில் 8 என்றால் 4 மில்லிமீட்டர். அமெரிக்கக் கணக்கில் 8 என்றால் 5 மில்லிமீட்டர். அமெரிக்கக் குறிப்பைப் பார்த்துப் பழைய பிரிட்டிஷ் எண் ஊசியில் பின்னினால் துணி விறைக்கத்தான் செய்யும். நம்பரை மறந்துவிட்டு மில்லிமீட்டரைப் பாருங்கள். இந்தக் குல்லாவுக்கு 5 மி.மீ. வட்ட ஊசி (இரண்டு முனையையும் வயர் இணைக்கும் வகை), 4.5 மி.மீ. குரோஷே ஊசி.

மாதிரித் துண்டு பின்னியே ஆகணுமா? நேரா ஆரம்பிக்கக் கூடாதா?

ஆரம்பிக்கலாம், அப்புறம் பிரிக்கவும் தயாராக இருக்க வேண்டும். கணக்கு பாருங்கள்: முக்காட்டுக்கு 92 கண்ணி போட்டிருக்கிறீர்கள். 10 செ.மீ.க்கு 18 கண்ணி வந்தால் துணி 51 செ.மீ. அகலம். உங்கள் கை கொஞ்சம் தளர்ந்து 16 வந்தால் அதுவே 57.5 செ.மீ. இரண்டே இரண்டு கண்ணிதான், குல்லா கண்ணை மறைத்துக்கொண்டு தொங்கும்.

15 செ.மீ. சதுரம் பின்னி, குல்லாவை எப்படித் துவைக்கப் போகிறீர்களோ அப்படியே துவைத்து, காய்ந்தபின் நடுவில் 10 செ.மீ. அளந்து எண்ணுங்கள். ஓரத்தில் எண்ணாதீர்கள், ஓரக் கண்ணி எப்போதும் பொய் சொல்லும். கண்ணி கூடுதலாக வந்தால் பெரிய ஊசி, குறைவாக வந்தால் சிறிய ஊசி. கை இறுக்கத்தை வலுக்கட்டாயமாக மாற்ற முயன்றால் பத்தாவது வரிசையில் கை பழையபடி ஆகிவிடும்.

தலையை எங்கிருந்து எங்க அளக்கணும்?

மூன்று அளவு போதும். முதலாவது, புருவத்துக்கு மேலாகத் தலையைச் சுற்றி. பெரியவர்களுக்குப் பெரும்பாலும் 54 முதல் 58 செ.மீ. இரண்டாவது, தோள்பட்டை தொடங்கும் இடத்திலிருந்து உச்சி வரை உயரம். டேப்பைக் காதை ஒட்டி நேராகப் பிடித்து, 2 செ.மீ. சேர்த்துக்கொள்ளுங்கள். மூன்றாவது ஆழம்: கண்ணின் வெளி ஓரத்திலிருந்து பின்மண்டையின் புடைத்த இடம் வரை, காதுக்கு மேலாக. கொண்டை போடுபவர்கள் கொண்டையோடு அளக்க வேண்டும். இதை மறந்துவிட்டுப் பின்னால் வருத்தப்படுபவர்கள்தான் அதிகம்.

குழந்தைகளுக்கு ஒரு வயதில் தலைச் சுற்றளவு ஏறக்குறைய 46 செ.மீ., ஐந்து வயதில் 51 செ.மீ. அதற்குப் பிறகு தலை மெதுவாகத்தான் வளரும். ஆகவே ஆறு வயதுப் பிள்ளைக்குப் பின்னுவது நாலைந்து வருஷம் தாங்கும்.

சரி, எத்தனை கண்ணி, எத்தனை வரிசை? கணக்கா சொல்லுங்க.

மாதிரித் துண்டில் 10 செ.மீ.க்கு 18 கண்ணி, 24 வரிசை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 100 கண்ணி தளர்வாக ஏற்றுங்கள் (ஊசியில் முதல் வரிசை போடுவதுதான் ஏற்றுவது). தலை இந்த ஓரம் வழியாகத்தான் நுழையும். கை இறுக்கமானவர்கள் ஏற்றுவதற்கு மட்டும் 6 மி.மீ. ஊசி எடுக்கலாம். வட்டமாக இணைக்கும் முன் கண்ணிகள் ஊசியைச் சுற்றி முறுக்கிக்கொள்ளவில்லை என்று ஒரு முறை விரலால் தடவிப் பாருங்கள். முறுக்கோடு இணைத்துவிட்டால் பிரிப்பதைத் தவிர வழியில்லை. இரண்டு நிட் (நேர்க் கண்ணி), இரண்டு பர்ல் (எதிர்க் கண்ணி) என்று ரிப் பின்னலில், அதாவது வரிவரியாக வந்து நீண்டு கொடுக்கும் பின்னலில், 20 செ.மீ. ஏறுங்கள். இது கழுத்துப்பட்டை.

அடுத்து மோவாய்க்கு நேரே முன்பக்கம் 8 கண்ணியை மூடுங்கள் (பிரியாதபடி முடித்து ஊசியிலிருந்து இறக்குவது). மீதி 92. இனி வட்டமில்லை, போய்த் திரும்பிப் பின்ன வேண்டும். ஒரு பக்கம் நிட், மறுபக்கம் பர்ல். இரண்டு ஓரத்திலும் ஆறாறு கண்ணி மட்டும் ரிப்பாகவே தொடரட்டும், இல்லாவிட்டால் ஓரம் உள்ளே சுருண்டுகொள்ளும். மொத்தம் 80 வரிசை, 33 செ.மீ. சொச்சம் வரும். கடைசி 12 வரிசையில் மட்டும், பின்மண்டையின் நடுவில் இரண்டு கண்ணிக்கு அடையாள வளையம் போட்டு, ஒவ்வொரு நிட் வரிசையிலும் அதன் இரு பக்கமும் ஒவ்வொரு கண்ணி குறையுங்கள். ஆறு முறை குறைத்தால் 80 கண்ணி மிஞ்சும். நல்ல பக்கம் உள்ளே இருக்கும்படி மடித்து, 40-க்கு 40 ஜோடி சேர்த்து, மூன்றாவது ஊசியால் இரண்டிரண்டாகப் பின்னி மூடுங்கள். கடைசியில் முகத்தைச் சுற்றிக் குரோஷே ஓரம்.

உங்கள் மாதிரித் துண்டின் எண் வேறாக இருந்தால் எண்ணை மட்டும் மாற்றுங்கள்: வேண்டிய செ.மீ. பெருக்கல் கண்ணி, வகுத்தல் 10. கழுத்துப்பட்டை எண் நாலால் வகுபட வேண்டும், அவ்வளவுதான்.

எனக்குக் குரோஷே மட்டும்தான் தெரியும். நிட்டிங் இல்லாம வராதா?

தாராளமாக வரும், கணக்கும் சுலபம். 25 செ.மீ. அகலம், 68 செ.மீ. நீளத்தில் ஒரு நீள்சதுரம் பின்னுங்கள். ஹாஃப் டபுள் குரோஷே (நடுத்தர உயரக் கண்ணி) போதும். நீளத்தைப் பாதியாக மடித்தால் மடிப்பு உச்சிக்கு வரும். பக்கவாட்டு ஓரங்களில் ஒன்றைத் தைத்துவிடுங்கள், அது பின்மண்டை. திறந்திருக்கும் இன்னொன்று முகம்.

கீழே 50 செ.மீ. ஓரம் கிடைக்கும். கழுத்துப்பட்டையைத் தனியாகக் குறுக்குவாட்டில் பின்னுங்கள். சிங்கிள் குரோஷேயில் (குட்டைக் கண்ணி) கண்ணியின் பின் இழையில் மட்டும் ஊசியை விட்டு 20 செ.மீ. அகலப் பட்டையாகத் தொடர்ந்தால் ரிப் போலவே வரிவரியாக வரும், நீண்டும் கொடுக்கும். 56 செ.மீ. நீளம் வந்ததும் வட்டமாக இணைத்து முக்காட்டோடு தையுங்கள். முன்பக்கம் மிஞ்சும் 6 செ.மீ. மோவாய்க்குக் கீழே வர வேண்டிய இடம்.

வீடியோல டபுள் குரோஷேன்னு சொல்றாங்க, ஆனா அவங்க போடறது குட்டையா இருக்கே?

அவர் பிரிட்டிஷ் பெயரில் சொல்கிறார். அமெரிக்கர் சிங்கிள் குரோஷே என்பதைத்தான் பிரிட்டிஷார் டபுள் குரோஷே என்பார்கள். அமெரிக்கரின் டபுள் அவர்களுக்கு ட்ரெபிள். குறிப்பில் எங்காவது 'சிங்கிள்' என்ற சொல் வந்தால் அது அமெரிக்க முறை, ஏனென்றால் பிரிட்டிஷ் முறையில் அந்தப் பெயரே கிடையாது. இந்தப் பக்கத்தில் எல்லாம் அமெரிக்கப் பெயர்கள்.

உச்சியில ஒரு கூம்பு நட்டுக்கிட்டு நிக்குது. ஏன்?

என் முதல் குல்லாவும் அப்படித்தான். குறைக்காமல் 92 கண்ணியோடு நேராக ஏறி, மடித்து மூடிவிட்டேன். மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்றால் பின்மண்டைக்கு மேலே ஒரு முனை, விரலால் அழுத்தினால் உள்ளே போய், விட்டதும் 'டுப்' என்று மறுபடி எழுந்து நின்றது. தலை உருண்டை, துணி சதுரம். சதுரத்தின் மூலை எங்காவது போயாக வேண்டும்.

மேலே கணக்கில் சொன்ன அந்த 12 வரிசைக் குறைப்பு இதற்காகத்தான். ஏற்கெனவே முடித்துவிட்டீர்கள் என்றால் பிரிக்க வேண்டாம். குல்லாவை உள்புறம் திருப்பி, மூலையைச் சட்டைப்பை போலத் தட்டையாக்கி, முனையிலிருந்து 3 செ.மீ. உள்ளே குறுக்காக ஒரு தையல் போடுங்கள். முனையை வெட்டாமல் உள்ளேயே மடித்து ஒட்டித் தைத்துவிடலாம். கைத்துணியில் கத்தரி வைக்கத் தைரியம் வேண்டும், எனக்கு இல்லை. குரோஷே நீள்சதுரக் குல்லாவுக்கும் இதே வைத்தியம். கூம்பு வேண்டுமென்றே இருக்கட்டும் என்று குஞ்சம் கட்டிக்கொள்ளும் பிள்ளைகளும் உண்டு.

நிட்டிங் துணி மேல குரோஷே ஓரம் போட்டா அலை அலையா வருது. இன்னொரு தடவை போட்டா சுருங்கிப் போகுது.

இரண்டும் கலக்கும் இடத்தில் எல்லோரும் இடறும் படி இதுதான். ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு குரோஷே போட்டால் ஓரம் கூடுதலாகி அலைபாயும். ரொம்ப விட்டுவிட்டுப் போட்டால் இழுத்துச் சுருக்கும். நம் மாதிரித் துண்டில் 10 செ.மீ. உயரத்துக்கு 24 வரிசை, 10 செ.மீ. அகலத்துக்கு 18 கண்ணி. 24-க்கு 18 என்றால் நாலுக்கு மூன்று. அதாவது மூன்று வரிசையில் ஒவ்வொன்று போட்டு, நாலாவதை விட்டுவிட வேண்டும். ஒரு பக்கம் 80 வரிசை என்றால் 60 சிங்கிள் குரோஷே, மறுபக்கம் 60, மோவாயில் மூடிய இடத்தில் 8. மொத்தம் 128.

முதல் சுற்று முடிந்ததும் நிறுத்தி, குல்லாவை மேசையில் தட்டையாகப் போட்டுப் பாருங்கள். ஓரம் எழும்பினால் 4 மி.மீ. ஊசிக்கு மாறுங்கள், இழுத்தால் 5-க்கு. முதல் சுற்று படிந்துவிட்டால் மீதி மூன்று சுற்று தானாகப் படியும். மோவாயின் இரு மூலையிலும் இரண்டு கண்ணியைச் சேர்த்து ஒன்றாகப் போட்டால் உள்மூலை கும்மிக்கொள்ளாது.

நெத்தியெல்லாம் அரிக்குது. எனக்குக் கம்பளியே ஆகாதோ?

நூலின் தடிமன் அல்ல, அதற்குள் இருக்கும் ஒற்றை இழையின் தடிமன்தான் குத்துகிறது. 30 மைக்ரானுக்கு (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்) மேற்பட்ட முரட்டு இழைகளின் முனை தோலில் மோதும்போது அரிக்கும். மெரினோ என்ற மென்மையான ஆட்டுக் கம்பளியின் இழை பெரும்பாலும் 24 மைக்ரானுக்குக் கீழேதான், வளைந்து கொடுத்துவிடும். கடையில் நூலைக் கையில் தடவிப் பார்த்தால் தெரியாது, கழுத்தில் ஓரமாகத் தேய்த்துப் பாருங்கள். ஏற்கெனவே பின்னிவிட்ட குல்லாவுக்கு நெற்றி படும் இடத்தில் மட்டும் அக்ரிலிக்கில் ஓரம் போட்டுக்கொண்டால் தீர்ந்தது.

குல்லா நல்லா இருக்கு, ஆனா காத்து உள்ள பூருதே?

பின்னல் துணி கதகதப்பாக இருப்பது அதன் ஓட்டைகளில் அடைபட்டிருக்கும் காற்றால்தான். பலமான காற்று அடித்தால் அந்தக் காற்று வெளியேறிவிடும். ஃப்ளீஸ் துணியில் உள்வரி கொடுங்கள். முடி உடைவதாகச் சொல்பவர்கள் சாட்டின் கொடுக்கலாம். சாட்டின் காற்றையும் ஓரளவு தடுக்கும், முடியையும் உரசாது. உள்வரித் துணி குல்லா அளவுக்கு நீளாது, எனவே சுற்றிலும் 1 செ.மீ. பெரிதாக வெட்டி, முக ஓரத்திலும் பிடரியிலும் மட்டும் தையுங்கள். எல்லா இடத்திலும் தைத்தால் குல்லாவின் நெகிழ்ச்சி போய்விடும்.

நடந்துட்டே இருந்தா முக்காடு தானா பின்னால வழுக்கி விழுது.

ஆழமோ உயரமோ போதவில்லை என்று அர்த்தம், அல்லது பிடரி தளர்ந்து முழுக் கனமும் பின்னால் இழுக்கிறது. ஆழத்துக்கு முக ஓரத்தில் இன்னும் நாலு சுற்று குரோஷே போட்டாலே 2 செ.மீ. கிடைக்கும். பிடரிக்கு, கழுத்துப்பட்டையும் முக்காடும் சேரும் கோட்டில், உட்புறமாக, பின்பாதி நெடுக ஸ்லிப் ஸ்டிச் (உயரமே ஏறாத குரோஷே கண்ணி) ஒரு வரிசை போடுங்கள். ஸ்லிப் ஸ்டிச் நீளவே நீளாது. அது ஒரு நாடா கட்டினது போலப் பிடித்துக்கொள்ளும்.

ஆழத்தைக் கண்ணின் ஓரத்துக்கு முன்னால் கொண்டுவராதீர்கள். தலையைத் திருப்பினால் முக்காடு கூடத் திரும்பாது, பக்கத்தில் வரும் வண்டி தெரியாது. சாலையைக் கடக்கும்போது பின்னால் தள்ளிவிடுவதே நல்லது.

பிள்ளைக்குப் பின்றேன். மோவாய்க்குக் கீழ கயிறு வெச்சுக் குஞ்சம் கட்டலாமா?

வேண்டாம். சறுக்குமரத்திலும் வண்டிக் கதவிலும் கயிறு சிக்கிக் குழந்தைகளின் கழுத்து இறுகிய விபத்துகள் நடந்திருக்கின்றன. ஐரோப்பியத் தரநிலை ஈ.என். 14682, ஏழு வயதுக்குட்பட்டவர் உடையில் தலைமுக்காட்டிலும் கழுத்திலும் கயிறே கூடாது என்கிறது. அமெரிக்காவிலும் 1996 முதல் இதே திசையில் வழிகாட்டுதல் உண்டு. மூடித்தான் ஆக வேண்டும் என்றால் ஒரு பட்டன், அதுவும் இழுத்தால் வராதபடி இறுக்கித் தைத்தது.

கைக்குழந்தை தூங்கும்போது இதைப் போட்டுவிடாதீர்கள். முகத்தில் இறங்கி மூச்சை அடைக்கலாம், உடல் சூடும் ஏறிவிடும். வீட்டுக்குள் வந்ததும் கழற்றிவிடுங்கள்.

நடுவுல ஒரு கண்ணி நழுவி ஏணி மாதிரி இறங்கிடுச்சு! பிரிக்கணுமா?

பிரிக்க வேண்டாம், இங்கேதான் குரோஷே ஊசி நிட்டிங்கைக் காப்பாற்றுகிறது. கீழே தவித்துக்கொண்டிருக்கும் கண்ணியில் கொக்கியை விட்டு, அதற்கு மேலுள்ள முதல் படியை இழுத்து உள்ளே வாங்குங்கள், அடுத்து இரண்டாவது படி. உச்சி வரை ஏறி ஊசியில் மாட்டினால் சரி. பர்ல் கண்ணி என்றால் துணியைத் திருப்பிப் போட்டு இதையே செய்யுங்கள். படிகளை வரிசை மாற்றிக் கோக்காமல் இருப்பது ஒன்றுதான் கவனம்.

துவைச்சு எடுத்தா ரெண்டு தலை போற மாதிரி ஆயிடுச்சு. அம்மாவோடது பொம்மைக்குத்தான் போடலாம். எப்படி?

சாதாரணக் கம்பளியைச் சுடுநீரில் போட்டுக் கசக்கினால் இழைகளின் செதில்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு துணி சுருங்கும், மீட்க முடியாது. பெரிதானது அநேகமாக சூப்பர்வாஷ் கம்பளி. அதன் செதில்கள் பதப்படுத்தப்பட்டிருப்பதால் சுருங்காது, ஆனால் ஈரத்தில் தொங்கவிட்டால் நீளும். அதனால்தான் மாதிரித் துண்டைத் துவைத்து அளக்கச் சொன்னேன். எல்லாக் கம்பளிக்கும் ஒரே முறை: வெதுவெதுப்பான தண்ணீர், முறுக்காமல் அழுத்தி எடுத்து, துவாலையில் சுருட்டி ஈரத்தை உறிஞ்சவிட்டு, தட்டையாகப் போட்டுக் காயவிடுவது. அக்ரிலிக்கில் இஸ்திரிப் பெட்டி படக்கூடாது, துணி செத்துப்போய்த் தொய்ந்துவிடும்.

ஒரே கலர்தான் வாங்கினேன், ஆனா பாதியில கோடு போட்ட மாதிரி மாறுதே?

நூல் பற்றிய கேள்வியில் சொன்ன சாய எண்தான். ஒரு முறை மரூன் நூல் தீர்ந்துபோய், அதே பெயர், அதே நிறம் என்று இன்னொரு உருண்டை வாங்கி இரவு விளக்கில் பின்னி முடித்தேன். காலையில் ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தால் காதுக்கு மேலே சரியாக ஒரு கோடு. கீழே பீட்ரூட், மேலே செங்கல். எண் வேறான உருண்டைகளைத்தான் பயன்படுத்தியாக வேண்டும் என்றால், இரண்டு வரிசை இதில், இரண்டு வரிசை அதில் என்று மாற்றி மாற்றிப் பின்னினால் கோடு கரைந்துவிடும். இல்லாவிட்டால் கழுத்துப்பட்டை ஒரு எண், முக்காடு ஒரு எண் என்று பிரித்துக்கொண்டு, வேண்டுமென்றே செய்த மாதிரி காட்டிக்கொள்ளலாம்.

பழைய ஸ்வெட்டரைப் பிரிச்ச நூல் நூடுல்ஸ் மாதிரி இருக்கு. அதுல பின்னலாமா?

பின்னலாம், ஆனால் அப்படியே பின்னாதீர்கள். சுருள் இருக்கும்போது கண்ணிகள் கோணல்மாணலாக வரும், மாதிரித் துண்டின் அளவும் தப்பாகும். நாற்காலி முதுகில் பெரிய வளையமாகச் சுற்றி, நாலு இடத்தில் வேறு நூலால் தளர்வாகக் கட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவிடுங்கள். துவாலையில் அழுத்தி எடுத்து, ஹேங்கரில் தொங்கவிட்டு, கீழே ஒரு கரண்டி மாதிரி லேசான கனம் கட்டுங்கள். பெரிய கனம் வேண்டாம், நூல் நெகிழ்ச்சி இழந்துவிடும். காய்ந்ததும் சுருள் பெரும்பாலும் போயிருக்கும். முழங்கைப் பக்கத்து நூல் தேய்ந்து மெலிந்திருக்கும், இழுத்துப் பார்த்து அறுந்தால் அந்தத் துண்டை ஒதுக்கிவிடுங்கள். முடிச்சுப் போடாமல் 15 செ.மீ. விட்டு இணைத்து, முனைகளைப் பின்னால் ஊசியால் கோத்து மறைக்க வேண்டும்.